பட்டறை சத்தத்தக் குறைக்க எந்த பிளாஸ்டிக்? நைலான், டெல்ரின், துணி பேக்லைட், பி.யு. எல்லாம் பார்த்து நாங்க எடுத்த முடிவு

மாமா பட்டறை சிரியத்துல இருக்கு, இப்ப எல்லாரும் தன்லின்னு சொல்ற ஊருதான், ரங்கூன்ல இருந்து பாலத்தத் தாண்டுனா வந்துரும். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், பெஞ்சு கிரைண்டர், கையில புடிக்கிற ஆங்கிள் கிரைண்டர் மூணு, கரண்டு போனா ஓட்ட ஒத்த சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர், அவ்ளோதான் சொத்து. வேலை முக்காவாசி அரிசி மில்லு வேலை, ஷாஃப்டு கடையறது, பேரிங் மாத்துறது, தேஞ்ச புல்லிய சரி பண்றது இப்படி. பட்டறைக்குப் பின்னாடி சுவரு ஒட்டி வீடு, அந்த வீட்டுல பத்தாம் வகுப்பு பரிட்சைக்குப் படிக்கிற புள்ள இருக்கு. பெரிய லேத்து ஓடுற நேரம் எல்லாம் அந்த புள்ள புத்தகத்த எடுத்துட்டு தெருவுக்கு வந்துரும், அத பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். அது போக மாமாவுக்கு வலது காது பாதி கேக்காது, கிரைண்டர் புடிச்சு முடிச்சா ரெண்டு மணி நேரம் விரலு மரத்துப் போய் டீ கிளாஸ் கூட சரியா புடிக்க வராது. அதனால இந்த வருஷம் மழைக்கு முன்னாடி சத்தம், அதிர்வு ரெண்டையும் குறைக்கணும்னு உக்காந்தோம். கையில இருந்த காசு ஒரே ஒரு தடவ ராடும் ஷீட்டும் வாங்கத்தான் போதும், தப்பா வாங்குனா அடுத்த வருஷம்தான்.

கேக்கிற ஆளுங்க எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒருத்தர் நைலான் போடு எல்லாத்துக்கும் அதுதான்னாரு, இன்னொருத்தர் டெல்ரின் தவிர எதையும் தொடாதன்னாரு, மூணாவது ஆளு மெஷினு காலுக்கு அடியில பி.யு., அதாவது பாலியூரித்தேன் ஷீட்ட வெட்டி வை, எல்லாம் அடங்கிரும்னாரு. மூணு பேரும் அனுபவசாலிங்கதான், பொய் சொல்லல, ஆனா ஒவ்வொருத்தரும் அவங்க பட்டறையில எந்த எடத்துல சத்தம் வந்துச்சோ அத வச்சு சொல்றாங்க. எனக்கு இதுல ஒண்ணுதான் புரிஞ்சுச்சு: எந்த பிளாஸ்டிக் நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி இந்த சத்தம் எங்க பொறக்குதுன்னு பார்க்கணும். பல்லும் பல்லும் மோதி வர்ற சத்தம் ஒண்ணு, சுத்தியல் அடிச்சு வர்றது ஒண்ணு, மெஷினு மொத்தமா ஆடி தரைக்கும் சுவருக்கும் போறது ஒண்ணு, கையில புடிச்ச டூல்ல இருந்து எலும்புக்குள்ள போறது இன்னொண்ணு. நாலுக்கும் நாலு மருந்து.

மொதல்ல ஏன் பிளாஸ்டிக்குன்னு சொல்லிர்றேன். ஒரு இரும்புத் துண்ட தொங்க விட்டு தட்டுனா கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும், அதே அளவு நைலான் துண்ட தட்டுனா டொக்குன்னு ஒரு சத்தம், முடிஞ்சுச்சு. இரும்பு அதிர்வ தனக்குள்ள வச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கும், பிளாஸ்டிக் அந்த ஆட்டத்த உள்ளுக்குள்ளயே சூடா மாத்தி தின்னுரும். அது மட்டுமில்ல, விறைப்பும் ரொம்ப கம்மி, ஸ்டீலோட விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல்னா நைலான், டெல்ரின் எல்லாம் 3 பக்கம்தான், அதனால மோதுற எடத்துல கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். எடையும் கம்மி, ஸ்டீலு தண்ணியப் போல 7.85 மடங்கு கனம், நைலான் 1.14, டெல்ரின் 1.41. ஆனா இதே குணந்தான் தொல்லையும், வளையிற பொருளு பலத்துல கம்மி, சூட்டுல விரியும், அதுல சிலது தண்ணிய குடிச்சு ஊதும். நம்ம ஊரு மழைக்கு இந்த கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், ரங்கூன்ல வருஷத்துக்கு சுமார் 2,700 மி.மீ. மழை, அதுல கிட்டத்தட்ட எல்லாமே மே மாசத்துல இருந்து அக்டோபருக்குள்ள கொட்டிரும், அந்த மாசங்கள்ல சட்டையே காயாது.

சரி, லேத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்ததெல்லாம் சேர்ந்தாலும் இதுதான் பெரிய சத்தம். பெரிய லேத்தோட பக்கவாட்டு கவருக்குள்ள கியர் வரிசை இருக்கு, எல்லாம் வார்ப்பிரும்பு, வயசாகி பல்லு தேஞ்சுருச்சு. 48 பல்லு உள்ள கியரு நிமிஷத்துக்கு 500 சுத்து சுத்துனா பல்லு மோதுறது நொடிக்கு 400 தடவ, அந்த 400 ஹெர்ட்ஸ் சத்தம் மெலிசான தகரக் கவர்ல பட்டு ஒலிபெருக்கி மாதிரி வெளிய வருது. இங்க ஒரு கியர பிளாஸ்டிக்ல மாத்துனா பல்லு மோதுற அந்த எடமே மெத்துன்னு ஆயிரும், ஒரு பல்லு வளையிறதால பக்கத்து பல்லும் கொஞ்சம் பாரத்த வாங்கிக்கும்.

எந்த கியர மாத்துறதுன்னு மாமாவும் நானும் ரெண்டு நாளு பேசுனோம். மாமா ஸ்பிண்டில் கியரயே மாத்தலாம்னாரு. நான் வேணாம்னு சொன்னேன், அதுல சாவி வெட்டு, அதாவது ஷாஃப்டோட பூட்டுற சாவி உக்கார்ற காடி இருக்கு, பிளாஸ்டிக்ல வெட்டுன சாவி வெட்டு சீக்கிரம் அகண்டுரும், அப்படிப் போடணும்னா நடுவுல ஸ்டீலு ஹப் வச்சு போல்ட்டு போட்டு கட்டணும், வேலை ரெண்டாகும். நடுவுல இருக்கிற ஐட்லர் கியர் இருக்கு பாருங்க, அது சும்மா பின்னுல புஷ் மேல சுத்துது, சாவி கெடையாது, ரெண்டு பக்கமும் இரும்புப் பல்லோட சேருது. அது ஒண்ண மட்டும் பிளாஸ்டிக்ல போட்டா ரெண்டு மோதல் எடமும் அடங்கிரும். ஐட்லருக்கு எத்தன பல்லு இருந்தாலும் கியர் விகிதம் மாறாது, அதனால திரெட் வெட்டுற கணக்கும் கெடாது. ஒரு குறை இருக்கு, ஐட்லரோட பல்லு ஒரு சுத்துல ரெண்டு பக்கமும் மாறி மாறி வளையும், அதனால மத்த கியர விட சீக்கிரம் அலுத்துப் போகும். பரவாயில்ல, ஒரு வருஷம் ஓடுனாலும் ராடுல இருந்து இன்னொண்ணு கடைஞ்சுக்கலாம், மில்லிங் நம்மகிட்டயே இருக்கு. ரெண்டு பிளாஸ்டிக் கியர ஒண்ணோட ஒண்ணு சேக்காதீங்க, அதுவும் ஒரே பிளாஸ்டிக்னா சீக்கிரம் தேஞ்சுரும், பிளாஸ்டிக்கும் ஸ்டீலும் சேர்ந்தாதான் சூட்ட ஸ்டீலு இழுத்துட்டுப் போகும். இன்னொரு நன்மையும் சொல்லணும், சக்கு (கடையிற பொருள புடிச்சு சுத்துற பாகம்) எங்கயாவது மோதுச்சுன்னா மொதல்ல பிளாஸ்டிக் பல்லு உடையும், கியர் பெட்டி தப்பிக்கும். சின்ன லேத்துங்கள்ல கம்பெனியே பிளாஸ்டிக் கியரு போட்டு அனுப்புறாங்கன்னா அதுக்கு இதுவும் ஒரு லாபம்.

இப்ப நைலானா டெல்ரினா துணி பேக்லைட்டா.

நைலான் பழைய ஆளு, அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனியில கரோதர்ஸ் குழு 1935ல கண்டுபிடிச்சது, ராடா வர்றது பெரும்பாலும் நைலான் 6, அது ஜெர்மனிக்காரரு ஷ்லாக் 1938ல பண்ணது. அடி தாங்கும், தேய்மானம் தாங்கும், அதிர்வ நல்லா தின்னும், டெல்ரின விட வெலயும் பொதுவா கம்மி, கனமும் கம்மிங்கிறதால ஒரு கிலோவுக்கு நீளமா ராடு வரும். ஆனா தண்ணி குடிக்கும். காத்துல இருக்கிற ஈரத்துல இருந்தே தன் எடையில ரெண்டரை, மூணு சதவீதம் வரைக்கும் இழுத்துக்கும், தண்ணியிலயே கெடந்தா 9 சதவீதத்துக்கு மேல போகும். அப்படி இழுக்கிறப்ப அளவும் ஏறும், 100 மி.மீ. விட்டமுள்ள கியரு அரை மில்லிமீட்டருக்கு மேலயே வளந்துரும். கியருக்கு அரை மில்லின்னா சாதாரண விஷயம் இல்ல.

இத நான் புத்தகத்துல படிச்சு சொல்லல, பட்டுத்தான் சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடையில டெல்ரின்னு சொல்லி வெள்ள ராடு குடுத்தாங்க, நம்பி வாங்குனேன். மார்ச் மாசம், காத்து காஞ்சு கெடக்கிற நேரம், கியர கடைஞ்சு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இரும்புக்கு விடுற இடைவெளிதான் விட்டு மாட்டுனேன். மாட்டுன அன்னிக்கு பட்டறை அப்படியே அமைதியாச்சு, மாமா ரெண்டு தடவ சுவிட்ச தொட்டுப் பார்த்தாரு ஓடுதான்னு, அந்த முகத்த மறக்கவே முடியாது. ஜூலை கடைசியில ஒரு மாதிரி ஊஊன்னு முனகல் வர ஆரம்பிச்சது, கவர தொட்டா சூடு, ஆகஸ்டுல பல்லு எல்லாம் பக்கவாட்டுல வழிஞ்சு நூலு நூலா கெடக்கு. மொத்தமான நைலான் ஈரத்த மெதுவாத்தான் இழுக்கும், மாசக்கணக்காகும், அதனாலதான் மார்ச்சுல விட்ட இடைவெளி ஆகஸ்டுல இல்லாம போச்சு. அது டெல்ரினே இல்ல, நைலான்.

அதுக்கப்புறம்தான் உப்புத்தண்ணி சோதனை கத்துக்கிட்டேன், இது எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி உப்பு கரையாம அடியில நிக்கிற வரைக்கும் போட்டு கலக்குங்க, அந்த தண்ணியோட கனம் சுமார் 1.2. நைலான் துண்டு 1.14, அதுல மெதக்கும். டெல்ரின் 1.41, நேரா அடிக்குப் போயிரும். சாதா தண்ணியிலயே மெதந்துச்சுன்னா அது பாலிஎத்திலின் வகை, கியருக்கு ஆகாது. துண்டுல காத்துக் குமிழி ஒட்டாம தேய்ச்சு விட்டுப் பாருங்க. சில பேரு கொளுத்திப் பார்ப்பாங்க, நைலான் கருகுனா முடி கருகுற வாடை வரும்னு, அது சரிதான், ஆனா டெல்ரின கொளுத்துனா ஃபார்மால்டிஹைடு வாயு வரும், கண்ணு மூக்கெல்லாம் எரியும், அதோட தீயும் வெளிச்சத்துல கண்ணுக்கே சரியா தெரியாது. கொளுத்தாதீங்க, கடைஞ்ச சுருளையும் குப்பையில போட்டு எரிக்காதீங்க, உப்பு போதும்.

டெல்ரின்ங்கிறது டூபாண்ட் 1960ல விக்க ஆரம்பிச்ச அசிட்டாலோட பேரு, இப்ப எந்த கம்பெனி அசிட்டாலயும் பட்டறையில டெல்ரின்னுதான் சொல்றோம். தண்ணியில ஊறப் போட்டாலும் ஒரு சதவீதத்துக்குள்ளதான் இழுக்கும், அதனால மழையில அளவு நிக்கும். கடையறதுக்கு அருமையான பொருளு, சுருள் சுத்தமா வரும், பல்லு முனை கூர்மையா நிக்கும். அதிர்வ தின்னுற விஷயத்துல ஈரம் புடிச்ச நைலான விட ஒரு படி கம்மிதான், ஒத்துக்கிறேன், ஆனா இரும்போட ஒப்பிட்டா ரெண்டுமே வேற உலகம். சூட்டுல விரியிறது நைலான விட கொஞ்சம் கூட, 100 மி.மீ. கியரு 20 டிகிரி சூடு ஏறுனா டெல்ரின் சுமார் 0.22 மி.மீ. வளரும், ஸ்டீலு 0.024 தான். அதனால டெல்ரினுக்கும் இரும்புக்கு விடுறத விட கூட இடைவெளி விடணும், ஆனா அந்த கணக்கு வருஷம் பூரா ஒரே கணக்கு, மாசத்துக்கு மாசம் மாறாது. ஒரு கவனம், தடிமனான ராடுல நட்ட நடுவுல பொடி ஓட்டைங்க இருக்கலாம், ஐட்லருக்கு நடுவுல எப்படியும் துளை போட்டு புஷ் அடிக்கிறதால நமக்கு பாதிப்பில்ல. அசிட்டால்லயே கோபாலிமர்னு ஒரு வகை இருக்கு, அது கெடச்சா இந்த தொல்லை கம்மி.

துணி பேக்லைட்டுன்னா, பருத்தித் துணிய அடுக்கடுக்கா பேக்லைட் பசையில ஊற வச்சு சூட்டுல அமுக்குன பலகை, இந்தியாவுல ஹைலம்னு சொல்லுவாங்க, பழுப்பு நிறம். பேக்லைட்ட பேக்லண்ட் 1907ல பண்ணாரு, அதனால இது மத்த எல்லாத்துக்கும் தாத்தா. ரங்கூன்ல வயசானவங்களுக்கு பழைய செவ்ரொலே பஸ்ஸு ஞாபகம் இருக்கும், ரெண்டாம் உலகப் போருக்கு வந்த கனடா லாரிங்கள மரத்துல பாடி கட்டி பஸ்ஸாக்கி எத்தனையோ வருஷம் ஓட்டுனாங்க, அந்த செவ்ரொலே எஞ்சின்ல கேம்ஷாஃப்டு கியரு இந்த மாதிரி ஃபைபர்தான், டைமிங் கியர் சத்தம் போடக் கூடாதுன்னே போட்டது. இது உருகாது, மழையில பெருசா ஊதாது, விறைப்பு நைலான விட ரெண்டு மடங்குக்கு மேல. பாரம் கூட வர்ற எடத்துக்கு நான் இதத்தான் சொல்லுவேன். ஆனா கடைஞ்சா வர்ற தூசி மூச்சுக்கு கெட்டது, முகமூடி போட்டே ஆகணும், டூல் முனையும் சீக்கிரம் மழுங்கும், பலகையோட எந்த பக்கம் அடுக்கு இருக்குன்னு பார்த்து வெட்டணும் இல்லேன்னா பல்லு ஏடு ஏடா உரிஞ்சுரும். எங்க லேத்துக்கு அவ்ளோ பாரம் இல்ல, அதனால டெல்ரின் ஐட்லர்னு முடிவு பண்ணோம். ஒரு அரிசி மில்லு எலிவேட்டர் டிரைவுக்கு மட்டும் துணி பேக்லைட்ல பண்ணிக் குடுத்தோம், அங்க தூசியும் சூடும் ஜாஸ்தி.

தகரக் கவர மறந்துராதீங்க. உள்பக்கம் தார் ஷீட்டு ஒட்டி அதுக்கு மேல இன்னொரு மெல்லிய தகரம் ஒட்டுனா, நடுவுல இருக்கிற தாரு ரெண்டு தகரத்துக்கும் இடையில இழுபட்டு அதிர்வ தின்னுரும். செலவு ரொம்ப கம்மி, பிளாஸ்டிக் கியருக்கு சமமா பலன் குடுத்துச்சுன்னு என் காதுக்கு தோணுது.

சுத்தியல் விஷயம் சுருக்கமா முடிச்சிர்றேன். சத்தம் போடுறது சுத்தியல் இல்ல, அடி வாங்குற இரும்பு. மெத்துன்னு இருக்கிற முகத்தால அடிச்சா அடி தொட்டுட்டு நிக்கிற நேரம் நீளுது, அதனால கீச்சு சத்தம் கெளம்பாது. பேரிங், புஷ் தட்டி ஏத்த நைலான் முக சுத்தியல் சரி. இங்க நைலான் தண்ணி குடிக்கிறது நமக்கு லாபம், காஞ்ச நைலான் படக்குனு தெறிக்கும், ஈரம் ஏறுன நைலான் கெட்டியா அடி வாங்கும், புதுசா கடைஞ்ச முகத்த ரெண்டு நாளு தண்ணியில போட்டு வைக்கிறது அதுக்குத்தான். உள்ள குண்டு போட்ட பி.யு. சுத்தியல் அடிச்சா திரும்பி எகிறாது, மணிக்கட்டுக்கு ரொம்ப நல்லது, காசு இருந்தா அதுதான் வாங்குவேன். எங்ககிட்ட ரெண்டும் ஒவ்வொண்ணு.

இப்ப மெஷினு காலு. இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்கன்னு நினைக்கிறேன், அதனால கொஞ்சம் கணக்கு சொல்றேன், பொறுமையா படிங்க. ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 1500 சுத்து, அதாவது நொடிக்கு 25. அதுக்கு அடியில மெத்தை வச்சா, மெஷினு கனத்துல அந்த மெத்தை எத்தன மி.மீ. அமுங்குதோ அத வச்சு மெத்தையோட சொந்த ஆட்டத்த, அதாவது தட்டி விட்டா மெஷினு அது மேல தானா நொடிக்கு எத்தன தடவ ஆடும்ங்கிறத கண்டுபிடிக்கலாம்: 15.8 ஐ அந்த அமுங்கலோட வர்க்கமூலத்தால வகுக்கணும். கெட்டியான பி.யு. ஷீட்டு வச்சா 0.2 மி.மீ. அமுங்கும்னு வைங்க, சொந்த ஆட்டம் 35 ஹெர்ட்ஸ் வருது. மெஷினோட 25 அதுக்கு கீழ இருக்கு, அப்ப மெத்தை அதிர்வ தடுக்கவே தடுக்காது, கணக்குப் போட்டா தரைக்குப் போற விசை ரெண்டு மடங்கா ஆகுது! மெத்தை வேலை செய்யணும்னா மெஷினோட ஆட்டம் மெத்தையோட சொந்த ஆட்டத்த விட 1.41 மடங்குக்கு மேல இருக்கணும், மூணு மடங்கு இருந்தா நல்லது. அதுக்கு 4 மி.மீ. அமுங்கணும், அப்ப சொந்த ஆட்டம் 8 பக்கம், தரைக்குப் போறது ஒன்பதுல ஒரு பங்குதான்.

பி.யு. ஷீட்டு சொன்ன அண்ணன்கிட்ட இத சொன்னேன். "தம்பி, என் பட்டறையில நல்லா வேலை செஞ்சுச்சே"ன்னாரு. போய் பார்த்தா அவரு வச்சிருந்தது சின்ன ஹை ஸ்பீடு கிரைண்டருக்கு அடியில, நிமிஷத்துக்கு 2,800 சுத்து, நொடிக்கு 47, அதோட அவரு பி.யு. நல்லா மெத்துன்னு இருக்கிற வகை. அவரு சொன்னதும் சரி, எங்க ஜெனரேட்டருக்கு அது சரிப்படாதுங்கிறதும் சரி.

இந்த எடத்துல நான் பிளாஸ்டிக்க விட்டுட்டு இயற்கை ரப்பர் பக்கம் போயிட்டேன். மோல்மேன் போற வழி பூரா ரப்பர் தோட்டம்தானே, மோன் மாநிலத்து ரப்பர்தான் இங்க பெருசு, தரமான ரப்பர் மவுண்டு இங்கயே வார்த்துத் தர்ற ஆளுங்க இருக்காங்க. இயற்கை ரப்பர் நல்லா அமுங்கும், பாரத்துல வருஷக்கணக்கா இருந்தாலும் ரொம்ப தளர்ந்து போகாது. எண்ணெய் பட்டா ஊதி கெட்டுரும், அது ஒண்ணுதான், டீசல் ஒழுகுற எடம்னா மேல ஒரு தகரக் குடை மாதிரி வச்சு மறைக்கணும், இல்லேன்னா நைட்ரைல் ரப்பர் வாங்கணும். ஒத்த சிலிண்டர் எஞ்சினுக்கு இன்னொரு சங்கதி இருக்கு, நாலு ஸ்ட்ரோக்குங்கிறதால வெடிப்பு ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ, அதாவது நொடிக்கு 12.5. அந்த ஆட்டத்துக்கு 4 மி.மீ. மவுண்டு பத்தாது, மூணுல ரெண்டு பங்கு தரைக்குப் போயிரும். அதனால நாங்க மெஷினுக்கு அடியில கான்கிரீட் கட்டை ஒண்ணு வார்த்து கனத்த ஏத்தி, இன்னும் கூட அமுங்குற மவுண்டு போட்டோம், ஸ்டார்ட் பண்றப்பவும் நிறுத்துறப்பவும் வண்டி குலுங்குற மாதிரி குலுங்கும், அதுக்கு சைலன்சர் குழாயிலயும் டீசல் குழாயிலயும் வளையிற துண்டு போடணும் இல்லேன்னா விரிசல் விடும்.

லேத்துக்கு அடியில இந்த மாதிரி மெத்தை வேணவே வேணாம். லேத்து மட்டம் மாறாம விறைப்பா நிக்கணும், மெத்தை மேல வச்சா கடையிற பொருள்ல அலை அலையா கோடு விழும்.

பி.யு. வாங்கியே ஆகணும்னா ஒண்ணு கேட்டு வாங்குங்க, பாலிஎஸ்டர் வகையா பாலிஈதர் வகையான்னு. பாலிஎஸ்டர் பி.யு. எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் நல்லது, ஆனா வெக்கையும் ஈரமும் சேர்ந்தா தண்ணி அதோட சங்கிலிய மெதுவா அறுத்துரும். பெட்டியில வச்ச ஷூவ ரெண்டு மழைக்கு அப்புறம் எடுத்தா அடி பொடிப்பொடியா உதிருமே, அது பெரும்பாலும் இந்த கதைதான். நம்ம ஊருக்கு பாலிஈதர்.

கடைசியா கிரைண்டர், என் மனசுல இதுதான் முக்கியம், காது போனா மெஷின் வச்சுக்கலாம், விரலு போனா என்ன பண்றது. 1918லயே அமெரிக்காவுல ஆலிஸ் ஹாமில்டன்ங்கிற டாக்டரம்மா இண்டியானா பக்கம் காத்து சுத்தியல் புடிச்ச கல்லு வெட்டுறவங்க கைய பார்த்து, அதிர்வும் குளிரும் சேர்ந்து விரல வெளுத்து மரத்துப் போக வைக்குதுன்னு எழுதியிருக்காங்க. குளிர்ல வெளுக்கிறதுதான் அந்த நோயோட அடையாளம், நம்ம வெக்கையில அந்த வெளுப்பு கண்ணுல படாது, ஆனா மரமரப்பும் புடி தளர்றதும் வரும், மாமாவுக்கு வந்திருக்கு. ஐரோப்பாவுல 2002ல போட்ட விதியில எட்டு மணி நேர வேலைக்கு கையில ஏறுற அதிர்வு 2.5 தாண்டுனா நடவடிக்கை எடுக்கணும், 5க்கு மேல போகவே கூடாது, அளவு மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்ல. அதிர்வு ரெண்டு மடங்கானா நேரம் நாலுல ஒண்ணாயிரும், 10 உள்ள டூல ரெண்டு மணி நேரம் புடிக்கிறதும் 5 உள்ளத எட்டு மணி நேரம் புடிக்கிறதும் ஒண்ணு.

கிரைண்டரோட உடம்பே கண்ணாடி இழை கலந்த நைலான்தான், அது பலத்துக்கும் கரண்டு ஷாக் அடிக்காம இருக்கவும், அதிர்வுக்குன்னு எதிர்பார்க்காதீங்க, கண்ணாடி இழை சேர்ந்தாலே விறைப்பு கூடி அதிர்வ தின்னுறது கொறையும். பலன் குடுக்கிறது பக்கவாட்டு கைப்பிடி. கெட்டியான நைலான் பிடி, மேல ரப்பர் போர்த்துன பிடி, நடுவுல மெத்துன்னு ஒரு இணைப்பு வச்ச அதிர்வு தடுப்பு பிடி, மூணும் கெடைக்குது. மூணாவதுதான் சரி. கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து, நொடிக்கு 180க்கு மேல, இவ்ளோ வேகமான ஆட்டத்த தடுக்க ஜெனரேட்டர் மாதிரி 4 மி.மீ. அமுங்கணும்னு இல்ல, சின்ன இணைப்பே போதும். மேல போர்த்துன ரப்பர் பிடிக்க சுகமா இருக்கும், அதிர்வு கொஞ்சந்தான் கொறையும். பழைய சைக்கிள் டியூப சுத்துறதும் அப்படித்தான், நாங்களும் சுத்தியிருந்தோம். கையுறைய நம்பாதீங்க, மெதுவான ஆட்டத்த அது தடுக்காது. எல்லாத்துக்கும் மேல கோணலா தேஞ்ச டிஸ்க்க தூக்கிப் போடணும், அதிர்வோட மூலமே டிஸ்க் சமமா இல்லாததுதான், எந்த பிடியும் அத ஈடு கட்டாது. மாமா பாதி டிஸ்க்க எடுத்து வச்சு "இன்னும் ஓடும் மாப்ள"ன்னு சொல்லுவாரு, இப்ப நான் அத ஒளிச்சு வச்சிர்றேன்.

துண்டு இரும்பு விழுற தொட்டிக்கும், மில்லுல நெல்லு சரியிற சரிவுக்கும் மட்டும் அந்த தண்ணியில மெதக்குற வகைதான், அதாவது ரொம்ப நீளமான சங்கிலி உள்ள பாலிஎத்திலின் ஷீட்டு. தேயாது, தண்ணி குடிக்காது, வழுக்கும். 80 டிகிரிக்கு மேல போகாம பார்த்துக்கணும், வெல்டிங் பொறி விழுற எடத்துல வேணாம். பசை ஒட்டாது, ஸ்குரூ போட்டுத்தான் பிடிக்கணும், ஓட்டைய நீளவாக்குல போடுங்க, வெக்கையில நெறைய விரியும்.

காதுக்கு கணக்கு இது, அமெரிக்க தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்றது 85 டெசிபல்ல எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94ல ஒரு மணி நேரந்தான். அதனால 3 டெசிபல் கொறைஞ்சாலும் பெரிய விஷயம். போன்ல இருக்கிற சவுண்டு ஆப் காட்டுற எண்ணு துல்லியமா இருக்காது, ஆனா ஒரே போன ஒரே எடத்துல வச்சு மாத்துறதுக்கு முன்னயும் பின்னயும் பார்த்தா வித்தியாசம் தெரியும். கிரைண்டருக்கு என்ன பண்ணாலும் காதடைப்பான் போடணும், அத பிளாஸ்டிக் தீர்க்காது.

ஆக கையில இருந்த காசுல நாங்க வாங்குனது, ஐட்லருக்கு டெல்ரின் ராடு ஒரு துண்டு, ரப்பர் மவுண்டு நாலு, அதிர்வு தடுப்பு பிடி மூணு, தார் ஷீட்டு. பி.யு. சுத்தியல் மிச்சக் காசுல. ராடு வாங்கப் போறப்ப சின்ன டப்பாவுல உப்புத்தண்ணி எடுத்துட்டுப் போனேன், கடைக்காரரு ஒரு மாதிரி பார்த்தாரு, ஆனா துண்டு வெட்டிக் குடுத்தாரு, போட்டதும் நேரா அடிக்குப் போச்சு. இப்ப மே மாசம், மொத மழை பேஞ்சிருச்சு. கியருக்கு நடுவுல விட்ட இடைவெளிய ஃபீலர் கேஜுல அளந்து கவர் உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கேன், ஆகஸ்டுல திரும்ப அளக்கணும்.